புரோகிராமே இல்லாத கேம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதலில் ஓடுவது பெரும்பாலும் ஒரு கேம்தான். அதில் தவறொன்றும் இல்லை. சென்ற மாதம் பாங் விளையாட்டின் நகல் ஒன்றை ஆடிக்கொண்டிருந்த என் அக்கா மகன், "முதன்முதலில் வந்த பாங் கேமுக்கு எத்தனை லைன் புரோகிராம் எழுதியிருப்பாங்க மாமா?" என்று கேட்டான். சாஃப்ட்வேர் என்ஜினியர் ஆயிற்றே, யோசிக்காமல் "ஒரு ஐநூறு லைன் இருக்கும்டா" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அதன் சர்க்யூட் படத்தை எடுத்துப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. ஒரு லைன்கூடக் கிடையாது! 1972-இல் அடாரி நிறுவனத்துக்காக ஆலன் ஆல்கார்ன் வடிவமைத்த அந்த இயந்திரத்தில் ப்ராசஸர் இல்லை, சாஃப்ட்வேர் இல்லை. அறுபதுக்கும் மேற்பட்ட சாதாரண லாஜிக் சிப்கள் மட்டுமே.

அப்படியானால் பந்து எப்படி நகர்கிறது? பழைய பிக்சர் டியூப் டிவியில் ஓர் எலக்ட்ரான் கதிர் இடமிருந்து வலமாகக் கோடு கோடாக வரைந்துகொண்டே கீழே இறங்கும். பாங்கில் ஒரு முழுத் திரைக்கு 262 கோடுகள். நொடிக்கு சுமார் 60 திரைகள். கதிர் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று இரண்டு கவுன்ட்டர்கள் எண்ணிக்கொண்டே இருக்கின்றன. எண்ணிக்கை கோட்டின் நடுவை எட்டியதும் ஒரு வெள்ளைப் புள்ளி, அதுதான் வலை. படம் எங்கும் சேமித்து வைக்கப்படுவதில்லை.

பந்துக்குத் தனியாக ஒரு ஜோடி கவுன்ட்டர்கள். உங்கள் வீட்டில் இரண்டு கடிகாரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சரியாக ஓடுகிறது. மற்றொன்று தினமும் ஒரு நிமிடம் தாமதமாகிறது. அந்தத் தாமதக் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும் நேரத்தைச் சரியான கடிகாரத்தில் பார்த்தால், அது தினமும் ஒரு நிமிடம் தள்ளிப் போகும் அல்லவா? பந்தும் அப்படித்தான் நகர்கிறது. அதன் கவுன்ட்டர் திரையின் கவுன்ட்டரை விடக் கொஞ்சம் தாமதித்தால் வலப்பக்கம், முந்தினால் இடப்பக்கம். மட்டையில் பட்டதும் தாமதம் முந்தலாக மாறுகிறது. இதைப் புரிந்துகொண்ட இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மட்டைக்கு 555 டைமர் ஐ.சி. ரேடியோவின் வால்யூம் குமிழ் போன்ற ஒன்றைத் திருகினால் அதன் நேரம் நீளும்; மட்டை கீழே இறங்கும். இந்த எளிய சர்க்யூட்டால் மட்டை திரையின் உச்சி வரை போகவில்லை. ஆல்கார்ன் அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். திருத்தியிருந்தால் கைதேர்ந்த இருவர் ஒரே காசில் நாள் முழுதும் ஆடிக்கொண்டிருப்பார்கள்!

இதே 555-ஐக் கல்லூரி லேபில் நானும் இணைத்திருக்கிறேன். ரெகார்ட் நோட்டில் அலைவடிவம் வரைந்து, வைவாவில் மனப்பாடமாக ஒப்பித்து, மதிப்பெண்ணும் வாங்கினேன். இது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, பாதி என் மீதே.

"இப்போது இதெல்லாம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் மேஜையில் உள்ள கம்ப்யூட்டரை ஒரு தனி மனிதர் முழுவதுமாகப் புரிந்துகொள்ள முடியாது. தினமும் அதில் வேலை செய்யும் என்னாலும் முடியாது. ஆனால் பாங்கை, கடைசி ஒயர் வரை, சில வார விடுமுறைகளில் புரிந்துகொள்ளலாம். ஒரு இயந்திரத்தையாவது முழுதாக அறிந்தவர் அடுத்த இயந்திரத்தைக் கண்டு மிரளமாட்டார். பிள்ளைகளுக்கு டைப்பிங்கும் எக்செல்லும் சொல்லித் தருமுன் இதைக் காட்டலாம் என்பது என் கட்சி.

1975-இல் கன் ஃபைட் கேமுக்குள் இன்டெல் 8080 ப்ராசஸர் வந்தது. அதன் பிறகு கேம் என்றால் சிப்பில் எழுதிய புரோகிராம் என்றாகிவிட்டது. அத்தகைய கேம்களின் புரோகிராமை நகலெடுத்து எமுலேட்டரில் ஓட்டலாம். பாங்கில் நகலெடுக்க எதுவுமே இல்லை. ஒவ்வொரு சிப்பையும், அவற்றின் இணைப்புகளையும் கம்ப்யூட்டருக்குள் பாவனை செய்தாக வேண்டும். அறுபது சொச்சம் சிப்களின் வேலையைச் செய்து காட்ட ஒரு நவீன ப்ராசஸரே மூச்சு வாங்குகிறது.

அக்கா மகனிடம் என் தவறை ஒப்புக்கொண்டேன். சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு 555-உம் ஒரு பிரெட்போர்டும் வாங்கி வந்தோம். எல்.இ.டி. மின்னுகிறது. வலை வரைய இன்னும் சில கவுன்ட்டர்கள் வேண்டும்.