சூல்மகளிரும் இரத்தக் கொதிப்பும்

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது நம் குடும்பங்களில் இன்றும் மாறாத வழக்கம். புடவையும் பலகாரமும் பெட்டியில் ஏறுகின்றன. இவ்வூர் மருத்துவர் மாதந்தோறும் குறித்துவந்த இரத்த அழுத்தச் சீட்டு மட்டும் மேசை இழுப்பறையில் தங்கிவிடுகிறது. 110/70 ஆக இருந்தது 138/88 ஆக ஏறியிருக்கிறது என்பதை ஊரிலுள்ள மருத்துவர் எங்ஙனம் அறிவார்?

இருபது வாரங்களுக்குப் பின் அழுத்தம் 140/90ஐ எட்டிச் சிறுநீரில் புரதமும் இறங்குமாயின், அதனைப் பிரி-எக்லாம்சியா என்பர். புரதம் இறங்காமலேயே கல்லீரலோ சிறுநீரகமோ பழுதுறுவதும் உண்டு. முற்றினால் வலிப்பு, நம் பாட்டிமார் பிரசவ ஜன்னி என்று அஞ்சியவற்றுள் இதுவும் ஒன்று.

கருவிலுள்ள சிசு பாதி தந்தையின் கூறு. அதனை அயலெனத் தள்ளாமல் ஏற்க, தாயின் எதிர்ப்புச் சக்தி இணங்கவேண்டும். கருப்பைக் குருதிக் குழாய்கள் விரிவதற்கும் அவ்வணுக்கள் துணைநிற்கின்றன. இவ்விணக்கம் குலைந்தால் குழாய்கள் குறுகியே நிற்கும். நச்சுக்கொடி இரத்தமின்றி வாடும். வாடிய கொடி எஸ்-எஃப்.எல்.டி-1 என்னும் பொருளை மிகுதியாய் வெளிவிட்டு, குழாய்களின் உட்சுவரைக் காக்கும் பி.எல்.ஜி.எஃப். புரதத்தைச் சிறைப்படுத்துகிறது. அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6 ஏறுகிறது; அதனை அடக்கும் டி-அணுக்கள் குறைகின்றன.

ஆதலின், கொதிப்பு மாத்திரை வேரை அறுப்பதன்று. தாயின் மூளையில் குருதி கசியாமல் காத்துச் சில நாட்களை ஈட்டித் தருகிறது, அவ்வளவே. அதுவும் சிறிதன்று. நாகபுரியில் இரண்டு அரசினர் மருத்துவமனைகளில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், கடுங்கொதிப்புற்ற 894 பெண்களுக்கு நிஃபெடிபின், லாபெட்டலால், மெதில்டோபா ஆகியவற்றுள் ஒன்றை வாய்வழி அளித்தனர். ஆறு மணி நேரத்தில் தீங்கின்றி அடங்கியோர் முறையே நூற்றுக்கு 84, 77, 76. மூன்றும் விலை மலிந்த பழைய மருந்துகள்! வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஊசியுண்டு. அது அவ்வாபத்தைப் பாதியாய்க் குறைப்பதை 2002இல் வெளிவந்த பேராய்வு காட்டிற்று. (கடையில் விற்கும் பேதியுப்பும் அவ்வுப்பே எனினும், அதனை விழுங்குவதால் பயனில்லை.)

கால் வீக்கம் பிள்ளைத்தாய்ச்சிக்கு இயல்பென்று பெரியோர் கூறுவது பெரும்பாலும் சரியே. ஆனால் முகம் வீங்குதல், ஓயாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இவற்றுள் ஒன்று தோன்றினும் நள்ளிரவாயினும் மருத்துவமனைக்குச் செல்க. மகப்பேற்றுக்குப் பின் ஆறு வாரம்வரை இவ்வெச்சரிக்கை தேவை. சீட்டு, பெட்டியில் அன்று, கைப்பையில் இருக்கட்டும். மாமனாரின் எனலாப்ரில் மாத்திரையை மட்டும் எக்காரணத்தாலும் கொடுத்துவிடவேண்டாம். அது கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.