பேட்டரி என்ற ஒரு சொல்

புதிதாக மின்சாரக் கார் வாங்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு மத்திய அரசு இன்சூரன்ஸில் தரும் சலுகை 1,596 ரூபாய். அதுவும் மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து.

கணக்கு இதுதான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள புதிய பெட்ரோல் காருக்கு மூன்றாண்டுத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 10,640 ரூபாய். 30 முதல் 65 கிலோவாட் வரையுள்ள மின்சாரக் காருக்கு 15 சதவீதம் குறைத்து 9,044 ரூபாய். டாடா டியாகோவையே எடுத்துக்கொள்ளலாம். பெட்ரோல் வண்டியின் எஞ்சின் 1,199 சிசி. மின்சார வண்டியின் மோட்டார், பேட்டரியைப் பொறுத்து 45 அல்லது 55 கிலோவாட். ஒரே கூடு, ஒரே பெயர். தேர்ட் பார்ட்டிக் கட்டணத்தில் மட்டும் பார்த்தால் மின்சார வண்டிக்கே லாபம்.

ஆனால் ஷோரூமில் நீட்டப்படும் ஆன் ரோடு விலைச் சீட்டில் இன்சூரன்ஸ் என்ற வரிக்கு நேரே இருக்கும் தொகை அந்த லாபத்தை விழுங்கிவிடுகிறது. தேர்ட் பார்ட்டி என்பது நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது. நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான பிரீமியத்தை 2007 முதல் காப்பீட்டு நிறுவனங்களே தீர்மானிக்கின்றன. அது ஐடிவி எனப்படும் வண்டியின் காப்பீட்டு மதிப்பை வைத்துப் போடப்படுகிறது. 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியபின் பெட்ரோல் டியாகோவின் தொடக்க விலை ஐந்து லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. மின்சார டியாகோ அப்போது ஏறத்தாழ எட்டு லட்சத்தில் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரே சதவீதத்தில் பிரீமியம் போட்டாலும், மின்சாரக் காரின் உரிமையாளர் ஒன்றரை மடங்குக்கு மேல் கட்டியாக வேண்டும். மலிவு கார் என்று நம்பி வந்தவர் தலையில் இந்தச் சுமை ஏறுகிறது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விலை கூடிய பொருளுக்குக் காப்பீடும் கூடும் என்பது நியாயம்தான். நியாயமில்லாதது வேறொன்று. அது பாலிசியின் உள்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது.

இந்திய மோட்டார் காப்பீட்டின் வாசகங்கள் 2002ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட கட்டண விதிகளிலிருந்து வந்தவை. விபத்தில் சேதமான பாகத்தை மாற்றும்போது எவ்வளவு தேய்மானம் கழிக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு பட்டியல் உண்டு. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம். ரப்பர், பிளாஸ்டிக், டயர், டியூப், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம். புது வண்டியாக இருந்தாலும் பாதிதான். அந்த விதியை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 12 வோல்ட் பேட்டரி. சில ஆண்டுகளில் உயிர்விடும் அந்தப் பெட்டிக்குப் பாதி விலையைக் கழிப்பதில் தவறில்லை. மின்சாரக் காரின் அடியில் கிடக்கும் லித்தியம் பேட்டரியோ பொதுவாக எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டியோடு விற்கப்படுகிறது. வண்டி விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுதான். இரண்டும் வேறு வேறு பொருள்கள். விதியில் இருப்பதோ ‘பேட்டரி’ என்ற ஒரே சொல்.

எட்டு லட்ச ரூபாய்க் காரில் பேட்டரியின் பங்கு மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உயரமான வேகத்தடையிலோ சாலையில் கிடந்த கருங்கல்லிலோ வண்டியின் அடிப்பகுதி மோதி பேட்டரிக் கூடு நசுங்கிவிட்டது. அந்த 50 சதவீதக் கழிவு அப்படியே பொருந்தினால், ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருந்தும் உரிமையாளர் கையிலிருந்து ஒன்றரை லட்சம் போக வேண்டும். இதிலிருந்து தப்ப, தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீட்டை எடுக்க வேண்டும். நம் ஊரில் அதை எல்லோரும் ‘பம்பர் டு பம்பர்’ என்கிறார்கள். அதற்குத் தனி பிரீமியம். பேட்டரிப் பாதுகாப்பு என்று இன்னொரு கூடுதல் காப்பீடு. அதற்கும் தனி பிரீமியம். பெட்ரோல் கார்க்காரருக்குத் தேவைப்பட்டால் வாங்கும் வசதியாக இருப்பது, மின்சாரக் கார்க்காரருக்கு வேறு வழியில்லாத செலவாகிவிடுகிறது.

பம்பர் டு பம்பர் என்றதும் ஒன்று நினைவுக்கு வரும். புதிய வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுகள் அது கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டு, நடைமுறைச் சிக்கல்கள் சுட்டிக்காட்டப்பட்டபின் செப்டம்பரிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. கட்டாயப்படுத்துவது தீர்வல்ல என்பது சரியே. அடிப்படைப் பாலிசி ஒழுங்காக இருந்தால் அந்தக் கேள்வியே பாதி கரைந்துவிடும்.

பாலிசியில் இன்னொரு வாசகமும் உறுத்துகிறது. ‘இயந்திர அல்லது மின் பழுதுகளுக்கு இழப்பீடு இல்லை’ என்கிறது வழக்கமான பாலிசி. பெட்ரோல் காரில் மின் பழுது என்றால் ஒயரிங், ஹாரன், ஸ்டார்ட்டர் மோட்டார். மின்சாரக் காரில் வண்டி முழுவதுமே மின்சாரம்தான். மின்னழுத்தம் திடீரென எகிறி சார்ஜரும் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கருகிவிட்டால், அது விபத்தா மின் பழுதா? மின்தடையும் ஏற்ற இறக்கமும் பழகிப்போன ஊர்களில் இந்தக் கேள்வி கிளைம் மேசையில் வந்து நிற்கும்போது, எழுத்தில் தெளிவு இல்லாததன் விலையை வாடிக்கையாளரே கொடுக்கிறார். வெள்ளநீர் புகுந்து மின் பாகங்கள் கெட்டாலும் இதே கேள்வி எழலாம்; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக்கு இது தூரத்துக் கவலை அல்ல.

காப்பீட்டு நிறுவனங்கள் தரப்பிலும் உண்மை இருக்கிறது. பிரிட்டனின் தாட்சம் ஆய்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை, மின்சாரக் கார்களின் விபத்து கிளைம் பெட்ரோல், டீசல் கார்களைவிட 25.5 சதவீதம் கூடுதல் செலவு வைக்கிறது என்றும், பழுதுபார்க்க 14 சதவீதம் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்றும் சொன்னது. தெருமுனை டிங்கரிங் கடையில் தட்டி நிமிர்த்தும் வேலை இல்லை இது. உயர் மின்னழுத்தத்தில் வேலை செய்யப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். வண்டியைத் தனியே நிறுத்தி வைக்க இடம் வேண்டும்.

மலிவு காருக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ‘டோட்டல் லாஸ்’. எட்டு லட்ச ரூபாய் கார் இரண்டு ஆண்டைக் கடந்ததும் ஐடிவி 30 சதவீதம் குறைந்து 5,60,000 ஆகிறது. அதில் 75 சதவீதம் 4,20,000. பேட்டரிக்கு மூன்று லட்சம் போனால், கதவு, பம்பர், பெயின்ட், கூலி என்று இன்னும் ஒன்றேகால் லட்சம் சேர்ந்தாலே கணக்கு முடிந்தது. ஓடக்கூடிய வண்டி உடைக்கும் கடைக்குப் போகிறது. இருபத்தைந்து லட்ச ரூபாய் மின்சாரக் கார் அதே அடியைத் தாங்கிக்கொண்டு மறுபடி சாலைக்கு வரும். இப்படிக் கழித்துக்கட்டும் ஒவ்வொரு சின்னக் காரின் செலவும் மற்ற சின்னக் கார்களின் பிரீமியத்தில்தான் வந்து சேரும்.

சீனா 2021 டிசம்பரிலேயே புதிய ஆற்றல் வாகனங்களுக்கென்று தனிப் பாலிசி வாசகத்தைக் கொண்டுவந்தது. பேட்டரி, மோட்டார், மின் கட்டுப்பாட்டு அமைப்பு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே அது சேர்த்துக்கொண்டது. வண்டி ஓடும்போது மட்டுமல்ல, சார்ஜ் ஏறும்போது நேரும் விபத்தையும் உள்ளடக்கியது. அப்படியும் அங்குள்ள நிறுவனங்கள் 2024இல் இந்த வகைக் காப்பீட்டில் 570 கோடி யுவான் நட்டம் கண்டன. ஆக, விதியைத் திருத்தினால் மட்டும் போதாது. பழுதுபார்க்கும் செலவும் இறங்க வேண்டும்.

அதற்குக் கார் உற்பத்தியாளர்கள் மனம் வைக்க வேண்டும். பேட்டரிக் கூட்டில் ஒரு பகுதி சேதமானால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றும் வகையில் வடிவமைப்பதும், பாகங்களின் விலையையும் பழுதுபார்க்கும் முறையையும் வெளிப்படையாக அறிவிப்பதும் அவர்கள் கையில் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 12 வோல்ட் பேட்டரியையும் வண்டியை ஓட்டும் பேட்டரியையும் தனித்தனிச் சொற்களால் பிரித்து, பின்னதற்கு அதன் ஆயுளுக்கேற்ற தேய்மான விகிதம் வகுக்கச் சொல்ல வேண்டும். மத்திய அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்குப் போடும் இன்சூரன்ஸுக்கோ 18 சதவீதம். வண்டியை வாங்கச் சொல்லி வரியைக் குறைத்த அரசு, அதை வைத்துக் காப்பாற்ற ஆண்டுதோறும் கட்டும் தொகைக்கு முழு வரி வாங்குவது முரண்.

இவையெல்லாம் நடக்கும்வரை வாங்குபவர்கள்தான் விழிப்பாக இருக்க வேண்டும். ஷோரூம் சொல்லும் நிறுவனத்தில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். பிரீமியம் தொகையைப் பார்ப்பதற்கு முன், பாலிசியில் ‘பேட்டரி’ என்ற சொல் எந்தெந்த இடத்தில் வருகிறது, அது எந்தப் பேட்டரியைக் குறிக்கிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.