பிரம்பும் நம் கண்மாய்க் கரைகளும்

பிரம்பு என்றவுடனே நம்மிற் பலர்க்கும் ஆசிரியர் கைக்கோலே நினைவுக்கு வரும். கல்வியுரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டிலேயே, தன் 17ஆம் பிரிவினால், பள்ளிகளில் உடல் தண்டனையை விலக்கிவிட்டது. அது மிகவும் தக்கதே. ஆயினும் கோலை விலக்கிய நாம், அக்கோலைத் தந்த கொடியையும் மறந்துவிடுதல் தகாது.

பிரம்பு மூங்கிலினத்ததன்று, பனைக்குடும்பத்தைச் சார்ந்த முட்கொடி. மூங்கில் உள்ளே துளையுடையது. பிரம்போ உள்ளும் செறிந்தது. ஆதலின் அனலிற் காட்டி வளைத்தால் ஒடியாமல் வளைந்து கொடுக்கும். முழுத்தண்டு நாற்காலிக்குச் சட்டமாகும். உரித்த மேற்றோல் அதன் இருக்கைக்குப் பின்னலாகும். கூடையும் தொட்டிலும் அதனாலேயே முடையப்படும். அடிக்கும் கோலாயிருந்ததனினும், குழந்தையைத் தாங்கும் தொட்டிலாயிருப்பதன்றோ அதற்குப் பெருமை!

இது மலைக்காட்டிற்கே உரியதென்று எண்ணுதல் பிழை. குளத்துக் கெண்டைமீன் பிரம்பின் கனியைக் கவ்வுவதாகக் குறுந்தொகை 91ஆம் பாட்டில் ஔவையார் பாடியுள்ளார். லின்னேயசு என்னும் அறிஞர் 1753இல் பெயரிட்ட பிரம்பினம் இன்றும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஈரம் பொருந்திய சமவெளிகளில் வளர்கின்றது. எனினும், சீர்காழியை அடுத்த தைக்காலில் பிரம்புத்தொழில் புரிவோர் அசாம் முதலிய தூரதேயங்களிலிருந்து வரும் பிரம்பை நம்பியிருக்கின்றனர். கொள்முதற்செலவு ஏறுங்கால் கைவினைஞன் கூலி குறைகின்றது. மலிந்த பிளாஸ்டிக் நாற்காலி அவனை மேலும் நெருக்குகின்றது.

நம் புதுக்கோட்டை மாவட்டமோ கண்மாய்கள் நிறைந்தது. அவற்றுட் பலவற்றைச் சீமைக்கருவேல் கவர்ந்து நிற்கின்றது. அதனைக் களைந்த இடங்களில், ஈரம் நீங்காத வரத்துக்கால் ஓரங்களில், நீர்மருது போன்ற மரங்களின் துணையோடு பிரம்பை நட்டுப் பார்த்தல் நலம்.

"இது வறண்ட நாடு; பிரம்பு முள்ளுடையது; பயன்தரப் பல்லாண்டு செல்லும்" என்பர் சிலர். உண்மையே. எல்லாக் கண்மாயும் இதற்கு ஏற்றதன்று. கோடையில் முற்றும் வறள்வதை விட்டுவிடுக. ஆடுமாடுகளும் மக்களும் நீருக்கு இறங்கும் துறைகளையும் விட்டுவிடுக. நெடுநாட் பயிர் என்பது குறையன்று. தென்னை நட்டவர் அடுத்த திங்களே இளநீர் பருகினரோ? முதிர்ந்த தண்டை மட்டும் அறுத்துத் தூரைக் காத்தால் அது மீளவும் தழைக்கும். விளைவு ஊராட்சிக்கே உரியதாயின், ஊராரே காவலராவர்.

மாணவ நண்பர்காள்! தாவரநூலைப் புத்தகத்தளவில் நிறுத்தாது, உங்கள் ஊர்க் கண்மாயில் ஈரம் நிலைக்கும் இடத்தைக் குறித்து வாருங்கள். ஒரு கரையில் ஒரு புதர் பிழைப்பினும், அது நம் கல்விக்கும் ஒரு கைத்தொழிலுக்கும் பயனாகும்.