மீட்டரை மாற்றுங்கள், கணக்கை மாற்றாதீர்கள்

மொட்டைமாடியில் மூன்று கிலோவாட் அளவுக்கு சோலார் பேனல் போட்ட வீட்டில், வெயில் நன்றாக அடித்தால் நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் மின்சாரம் கிடைக்கும். அதில் பெரும்பகுதி காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் வருவது. வீட்டில் உள்ளவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருக்கும் நேரம் அது. ஃபிரிட்ஜும் ஒன்றிரண்டு ஃபேனும் இழுத்தது போக மிச்சமெல்லாம் தெருக்கம்பிக்குப் போகிறது. இரவில் ஏ.சி. ஓடும்போது அதே கம்பியிலிருந்து மின்சாரம் வருகிறது. போனதையும் வந்ததையும் எப்படிக் கழிப்பது என்ற ஒரே விதியில்தான், அந்தக் குடும்பம் போட்ட பணம் திரும்புமா திரும்பாதா என்பது அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் சுமார் மூன்று கோடி மின் இணைப்புகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் பொருத்தும் திட்டம் சில ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்களைப் பொருத்தி வெள்ளோட்டம் பார்த்தாகிவிட்டது. அடுத்த கட்டத்துக்காகக் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளி, விலை அதிகம் என்ற காரணத்தால் 2024 இறுதியில் ரத்தானது. அந்த ரத்து சரியான முடிவு. ஆனால் இந்த மீட்டர்கள் இன்றில்லாவிட்டால் நாளை வந்தே தீரும். வரட்டும், அவை தேவையானவை. நாம் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: சோலார் வீடுகளில் முதல் ஸ்மார்ட் மீட்டர் ஏறுவதற்கு முன்பே, அந்த வீடுகளின் வரவு செலவுக் கணக்கு முறை 20 ஆண்டுகளுக்கு மாறாது என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட வேண்டும்.

மீட்டரைப் பற்றிப் பேசுகையில் கணக்கு ஏன் வருகிறது என்று சிலர் கேட்கலாம். இரண்டும் பிரிக்க முடியாதவை. மாடிப்படிக்கு அடியில் மரப்பலகையில் மாட்டியிருந்த பழைய சக்கர மீட்டரை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அலுமினியத் தட்டு சுற்றும். மின்சாரம் உள்ளே வந்தால் ஒரு பக்கம், வெளியே போனால் எதிர்ப்பக்கம். பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் அமைப்பு இல்லாத மீட்டர்களில், வீட்டிலிருந்து போகும் ஒவ்வொரு யூனிட்டும் எண்ணிக்கையிலிருந்து தானாகக் கழிந்துவிடும். ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் என்ற கழிவு முறையை யாரும் உட்கார்ந்து வகுக்கவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆரம்பகால சோலார் வீடுகளுக்கு அந்தத் தட்டே விதியாக இருந்தது.

நம் வீடுகளுக்கு அதன் பிறகு எலக்ட்ரானிக் மீட்டர் வந்தது. 2006-ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த மீட்டர் விதிமுறைகளுக்குப் பிறகு சக்கர மீட்டர்கள் படிப்படியாகக் கழற்றப்பட்டன. இந்த எலக்ட்ரானிக் மீட்டர்களில் பலவற்றுக்கு ஒரு குணம் உண்டு. ஒயரைத் தலைகீழாக மாட்டித் திருடுவதைத் தடுப்பதற்காக, மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் அதைச் செலவாகவே பதிவு செய்யும்படி அவற்றை அமைத்திருக்கிறார்கள். திருட்டைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால், இருவழி மீட்டர் வருவதற்கு முன்பே யாராவது பேனலை இயக்கிவிட்டால், அவர் கம்பிக்குக் கொடுக்கும் மின்சாரமும் அவர் தலையிலேயே ஏறும். நண்பகலில் மீட்டரின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்து, நம் மின்சாரம் வெளியே போகிறது என்று மகிழ்ந்திருப்பார். பில் வரும்போதுதான் விஷயம் புரியும். எனவே இருவழி மீட்டர் பொருத்திக் கணக்கு தொடங்கும்வரை பேனலை கிரிட்டோடு இணைக்கவே கூடாது. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான வீட்டு சோலாருக்குத் தொழில்நுட்ப ஆய்வே தேவையில்லை. அமைப்பை இயக்கிக் கொடுப்பதற்கான கெடு 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைக்கப்பட்டது. செக்‌ஷன் ஆபீஸில் மீட்டர் ஸ்டாக் இல்லை என்ற பதிலுக்கு அந்த விதியில் இடமில்லை.

இப்போதுள்ள இருவழி மீட்டரில் பொத்தானை அழுத்தினால் இரண்டு எண்கள் மாறிமாறி வரும். ஒன்று கம்பியிலிருந்து வாங்கியது, மற்றது கம்பிக்குக் கொடுத்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர் இரண்டையும் குறித்துக்கொண்டு போவார். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து பில் வரும். பகலில் கொடுத்ததா, இரவில் வாங்கியதா என்பது அந்த மீட்டர் மூலம் எடுக்கும் கணக்கில் தெரியவே தெரியாது. ஸ்மார்ட் மீட்டர் அப்படியல்ல. கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று தனித்தனியாகப் பதிந்து, தானே அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். நண்பகல் யூனிட் வேறு, இரவு எட்டு மணி யூனிட் வேறு என்று பிரித்து விலை போடுவதற்கான கருவி இப்படித்தான் மின்வாரியத்தின் கைக்கு வருகிறது.

இதை வெறும் ஊகம் என்று ஒதுக்க முடியாது. 2023 ஜூன் மாதம் மத்திய மின்துறை கொண்டுவந்த திருத்தத்தின்படி, விவசாயம் தவிர மற்ற எல்லா நுகர்வோருக்கும் 2025 ஏப்ரல் 1 முதல், ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய கையோடு, நேரத்துக்கேற்ற கட்டணம் வர வேண்டும். வெயில் நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் குறைவு. உச்ச நேரத்தில் அதேபோல அதிகம். சாதாரண வீட்டுக்கு இதனால் சில நன்மைகளும் உண்டு. வாஷிங் மெஷினையும் தண்ணீர் மோட்டாரையும் பகலில் ஓட்டினால் கொஞ்சம் மிச்சமாகும். சோலார் வீட்டுக்கு இது நேர் எதிராக வேலை செய்யலாம். அது கொடுப்பது விலை மலிந்த நேரத்தில், வாங்குவது விலை ஏறிய நேரத்தில்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீடு பகலில் 8 யூனிட் கொடுத்து இரவில் 8 யூனிட் வாங்குகிறது. யூனிட்டுக்கு யூனிட் கழித்தால் செலவு பூஜ்யம். கொடுத்ததற்கு மூன்று ரூபாய், வாங்கியதற்கு எட்டு ரூபாய் என்று வைத்தால் நாளொன்றுக்கு 40 ரூபாய், இரண்டு மாத பில்லில் 2,400 ரூபாய். பேனலும் அதே, வெயிலும் அதே, வீட்டுக்காரர் செலவழிக்கும் மின்சாரமும் அதே. மாறியது ஒரு உத்தரவு மட்டும்தான்.

இப்படி உத்தரவு மாறுவது தமிழ்நாட்டுக்குப் புதிதுமல்ல. 2012 சூரிய மின்கொள்கை, வீடுகளுக்கு யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறையைத் தருவதாகச் சொன்னது. 2019-ல் மாநில ஒழுங்குமுறை ஆணையம் அதைக் கைவிட்டு, கம்பிக்குக் கொடுக்கும் மின்சாரத்துக்குத் தனியாக ஒரு குறைந்த விலை வைக்கும் முறைக்குப் போனது. 2021 அக்டோபரில் மறுபடியும் வீடுகளுக்குப் பழைய முறையே திரும்பியது. பேனல் 25 ஆண்டு உழைக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பத்தாண்டுக்குள் விதி இருமுறை புரண்ட மாநிலத்தில், அந்த 25 ஆண்டை நம்பி ஓய்வூதியப் பணத்தை எடுத்து முதலீடு செய் என்று ஒருவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைத்து, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. மானியம் ஒருமுறை கிடைப்பது. கணக்கு முறையோ பேனல் இருக்கும்வரை கூடவே வருவது.

வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே ஸ்மார்ட் மீட்டர் வந்தபோது சோலார் வீட்டுக்காரர்கள் தயங்கினார்கள். மாநில அரசு அவர்களைச் சமாதானப்படுத்தியது: 2020 இறுதிக்குள் பேனல் போட்டால், புதிய மீட்டர் வந்தாலும் பழைய சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோலவே 15 ஆண்டுகளுக்குக் கணக்கு வைத்துக்கொள்கிறோம் என்றது. மக்கள் நம்பினார்கள். 2021 ஜனவரி 14-ல் அந்த நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ரத்து செய்துவிட்டது. அரசின் பேச்சை நம்பி ஸ்மார்ட் மீட்டருக்கு மாறியவர்களுக்கு உடனே சலுகை போயிற்று. பழைய சக்கர மீட்டர் இன்னும் மாட்டியிருந்தவர்களுக்கோ, அது கழற்றப்படும்வரை சக்கரம் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தது. முன்வந்து ஒத்துழைத்தவர் நஷ்டப்பட்டார். கதவைத் திறக்க மறுத்தவர் பிழைத்தார். பிறகு அரசு ஈட்டுத்தொகை கொடுத்தது உண்மை. ஆனால் மீட்டர் மாற்ற ஆள் வந்தால் கதவைத் திறக்கக் கூடாது என்ற பாடத்தை மக்களுக்கு அந்த அரசே கற்றுக் கொடுத்துவிட்டது.

கலிபோர்னியாவும் கடுமையான முடிவைத்தான் எடுத்தது. 2023 ஏப்ரல் நடுவிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு, கொடுக்கும் மின்சாரத்தின் விலையை அது பெருமளவு வெட்டியது. அங்கே சோலார் போடுகிறவர்களின் எண்ணிக்கை அதனால் சரிந்தது. ஆனாலும் அதற்கு முன்பே போட்டவர்களுக்கு, இணைத்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குப் பழைய கணக்கையே வைத்தது. புதியவர்களுக்கு விதியை மாற்றும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. பழையவர்களின் விதியை நடுவழியில் மாற்றுவது ஒப்பந்த மீறல்.

மின்வாரியத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது சரியாகாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறும் குடும்பங்களின் செலவை ஈடுகட்டுவதில், 500 யூனிட்டுக்கு மேல் போகும் வீடுகளுக்கும் பங்குண்டு. சோலார் போடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த 500 யூனிட்டுக்கு மேல் போகிறவர்கள்தான். அவர்களின் பில் சுருங்கினால் கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், ஆள் செலவெல்லாம் மற்றவர் தலையில் விழும் என்கிறார்கள். 2024 மே மாதத் தொடக்கத்தில் மாநிலத்தின் மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. வெயில் இறங்கிய பிறகும் ஏ.சி.கள் ஓடுகின்றன, அந்த நேரத்துக்கு மொட்டைமாடி பேனல் உதவாது. இதெல்லாம் உண்மை.

ஆனால் கணக்கின் மறுபாதியையும் வாரியம் சொல்ல வேண்டும். நண்பகலில் ஒரு வீடு கம்பிக்குக் கொடுக்கும் மின்சாரம் தூத்துக்குடிக்கோ நெய்வேலிக்கோ போவதில்லை. அதே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் பக்கத்து வீட்டு ஃபேனையோ எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையையோ ஓட்டுகிறது. அவர்கள் அதற்கு முழுக்கட்டணம் கட்டுகிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுவரும் செலவும், வழியில் ஆகும் இழப்பும் வாரியத்துக்கு மிச்சம். கம்பியைப் பயன்படுத்துவதற்கு ஒரு கட்டணம் வேண்டும் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி, பொதுவிசாரணை வைத்து, இனி வருகிறவர்களுக்கு நிர்ணயிக்கட்டும். மாலை நேரத் தட்டுப்பாடுதான் கவலை என்றால், பேட்டரி வைத்து மாலையில் கொடுப்பவருக்கு நல்ல விலை வைக்கட்டும். கால் மணிக்கு ஒருமுறை பதியும் ஸ்மார்ட் மீட்டர் மிகவும் கைகொடுக்கும் இடம் அதுதான்.

ஸ்மார்ட் மீட்டர் மீதான மற்ற அச்சங்களில் சிலவற்றுக்கு ஆதாரம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. புதிய மீட்டர் வேகமாக ஓடுகிறது என்பது எல்லா ஊரிலும் கேட்கும் புகார். தேய்ந்துபோன சக்கர மீட்டர் பல ஆண்டுகளாகக் குறைத்துக் காட்டியது, புதியது சரியாகக் காட்டுகிறது என்பதே பல இடங்களில் காரணம். சந்தேகம் இருந்தால் 2024-ல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளிலேயே வழி இருக்கிறது: புகார் கொடுத்த ஐந்து நாளில் வாரியம் பக்கத்திலேயே இன்னொரு மீட்டர் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முன்பணம் கட்டினால்தான் மின்சாரம் என்ற முறையை வீடுகள் மீது திணிப்பதை நாம் ஏற்கவில்லை. 2024-ல் பிகாரிலும் வதோதராவிலும் மக்கள் தெருவுக்கு வந்ததற்கு அதுவே முக்கியக் காரணம்.

தரவு பற்றிய அச்சம் மிக நியாயமானது. கால் மணிக்கொரு முறை பதிவாகும் மின்செலவைப் பார்த்தால், ஒரு வீட்டில் எப்போது எழுந்திருக்கிறார்கள், எப்போது ஆள் இல்லை, எப்போது வெளியூர் போனார்கள் என்பதெல்லாம் தெரியும். 2009-ல் நெதர்லாந்து மேலவை, கட்டாய ஸ்மார்ட் மீட்டர் மசோதாவை நிராகரிக்க இந்தத் தனியுரிமைப் பிரச்சினையே காரணமாயிற்று. மீட்டர் பொருத்தி நடத்தப்போவது தனியார் நிறுவனங்கள் என்பதால், அந்தப் பதிவுகள் யாருக்குச் சொந்தம், யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். மாதந்தோறும் மீட்டருக்கு இவ்வளவு என்று அந்த நிறுவனங்களுக்குக் கட்டும் தொகை, வாடகை என்ற பெயரில் நுகர்வோர் பில்லில் வந்து நிற்கவும் கூடாது.

மாதந்தோறும் மின் கணக்கெடுப்பு என்ற 2021 தேர்தல் வாக்குறுதிக்கு ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்பதே இதுவரை வந்த பதில். மீட்டர் வந்தால் அந்தச் சாக்கு போய்விடும். அதற்காகவும் அதை வரவேற்கிறோம்.

ஆணையம் செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. வீட்டு சோலாருக்கு இணைப்புக் கொடுத்த நாளில் எந்தக் கழிவு முறை இருந்ததோ அது 20 ஆண்டுகளுக்குத் தொடரும். மீட்டர் மாற்றமோ, நேரத்துக்கேற்ற கட்டணமோ, வீடு கைமாறுவதோ அதைப் பாதிக்காது என்று ஓர் உத்தரவு. ஃபிளாண்டர்ஸில் நடந்ததுபோல நீதிமன்றத்தில் சரிந்துவிடாதபடி, ஒவ்வொரு நுகர்வோரோடும் வாரியம் போடும் ஒப்பந்தத்திலும் இது எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்த ஒப்பந்தப்புள்ளி இறுதியாவதற்கு முன்பே இந்த உத்தரவு வெளிவர வேண்டும்.

சோலார் போட்டிருக்கும் வாசகர்கள் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டாம். வாரியத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலைத் தேடி எடுத்து வையுங்கள்; இல்லையென்றால் செக்‌ஷன் ஆபீஸில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். மீட்டர் மாற்ற ஆள் வந்தால் கழற்றும் முன் வாங்கியது, கொடுத்தது ஆகிய இரண்டு எண்களையும் படம் எடுத்து, மாற்றிய சீட்டில் இரண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கட்டண மாற்றம் பற்றி ஆணையம் பொதுவிசாரணை அறிவிக்கும்போது உங்கள் ஆட்சேபத்தை எழுதி அனுப்புங்கள்.