பேச்சை வைத்து நாட்டைக் கேட்காதீர்கள்: ஏர்வாடி வட்டாரப் பொதுமக்களின் வேண்டுகோள்



ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம் பகுதிகளில் வாழும் நாங்கள் இந்த வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறோம். கடலுக்குப் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள், தர்காவுக்கு வரும் கூட்டத்தை நம்பிப் பிழைப்பவர்கள் என்று எங்களில் எல்லாரும் உண்டு. எந்தக் கட்சிக்காகவும் இதை எழுதவில்லை. ஒருவர் பேசும் மொழியைக் கேட்டு அவர் எந்த நாட்டுக்காரர் என்று முடிவு கட்டும் பழக்கம் வளர்ந்து வருகிறது. அது நம் வாசலுக்கும் வந்துவிட்டது என்பதால் எழுதுகிறோம்.

2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்லுங்கள் என்று கேட்ட நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியிடம், நீங்கள் இந்தியரா என்று பாதுகாப்புப் பணியில் இருந்த ஒருவர் கேட்டதாக அவரே தெரிவித்தார். நாடே அதைப் பேசியது. விசாரணைக்கும் உத்தரவு போட்டார்கள். மக்களவை உறுப்பினருக்கே அப்படி என்றால், பின்னால் யாரும் இல்லாத கூலித் தொழிலாளியின் கதி என்ன? 2025இல் அதையும் பார்த்தோம். மேற்கு வங்காளத்திலிருந்து வேலைக்குப் போனவர்கள், வங்காளம் பேசினார்கள் என்பதே சந்தேகத்துக்குக் காரணமாகப் பல மாநிலங்களில் பிடித்து வைக்கப்பட்டார்கள். டெல்லியில் பிடிக்கப்பட்ட ஒரு கர்ப்பிணியைக் குடும்பத்தோடு ஜூன் மாதம் வங்கதேச எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டார்கள். செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவர்களைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், டிசம்பரில்தான் அந்தப் பெண்ணும் சிறுவனான மகனும் ஊர் திரும்பினார்கள். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் அத்தனை மாதம் அந்நிய நாட்டில் கிடந்ததற்கு யார் பதில் சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அரசியல் சாசனத்தின் 5ஆம் பிரிவு, குடியரசு தொடங்கியபோது யார் குடிமக்கள் என்பதைப் பிறப்பையும் குடியிருப்பையும் வைத்தே சொல்கிறது. மொழியைப் பற்றி அங்கே ஒரு சொல் கிடையாது. 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறது. தேசிய மொழி என்று எந்த மொழியையும் சாசனம் குறிப்பிடவில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மொழி நிபந்தனையாக வருகிறது. வெளிநாட்டில் பிறந்த ஒருவர் இங்கே நெடுங்காலம் வாழ்ந்து குடியுரிமை கேட்டால், எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றில் அவருக்குப் போதிய அறிவு இருக்க வேண்டும். அந்த அட்டவணையில் இன்று 22 மொழிகள். சந்தாலியோ கொங்கணியோ தமிழோ, ஏதாவது ஒன்று போதும். புதிதாக வருபவருக்கே இவ்வளவுதான் என்கிறபோது, இந்த மண்ணிலேயே பிறந்தவரிடம் மொழியைச் சோதிக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது?

நம் மாவட்டத்திலேயே பரமக்குடியிலும் எமனேஸ்வரத்திலும் நெசவாளர் வீடுகளில் சௌராஷ்டிர மொழி பேசுகிறார்கள். அட்டவணையில் அந்த மொழி இல்லை. அதனால் அவர்களுடைய நாட்டுரிமை இம்மியும் குறைந்துவிடுமா? எங்களில் முஸ்லிம்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓதுவது அரபியில், வீட்டில் பேசுவது தமிழ். வடக்கே இருந்து வரும் சிலர், முஸ்லிமாக இருந்துகொண்டு உருது தெரியாதா என்று வியப்போடு கேட்கிறார்கள். அரபு எழுத்தில் தமிழ் எழுதிய ஆலிம்கள் வாழ்ந்த கீழக்கரை பக்கத்தில்தான் இருக்கிறது. மதத்துக்கு ஒரு மொழி, நாட்டுக்கு ஒரு மொழி என்று யாரோ போட்ட கணக்குக்குள் இந்தக் கரை என்றைக்கும் அடங்கியதில்லை.

ஏர்வாடியில் உறங்கும் இறைநேசர் பாதுஷா நாயகம் மதீனாவிலிருந்து வந்தவர் என்பது மரபு. அவருடைய தர்காவுக்குச் சேதுபதி மன்னர்கள் நிலம் கொடுத்தார்கள் என்பதையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தர்காவின் சந்தனக்கூடு விழாச் சமயத்தில் கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் சனம் வந்து இறங்கும். பூவும் சர்க்கரையும் விற்கும் பெண்கள் மலையாளத்தில் விலை சொல்லி, அரைகுறைக் கன்னடத்தில் பேரத்தை முடிப்பார்கள். நேர்ச்சைக்கு வருகிறவர்களில் இந்துக்களும் ஏராளம்.

மனநோயாளிகளையும் இங்கே கொண்டுவருகிறார்கள். 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் துக்கம் இந்த ஊரை விட்டுப் போகாது. நோய் முற்றிய ஒருவர் தன் பெயரையும் ஊரையும் சொல்ல முடியாமல் தெருவில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் ‘அம்மே’ என்று முனகுகிறாரா, ‘அவ்வா’ என்று முனகுகிறாரா என்று காதைக் கொடுத்துக் கேட்போம். அந்த மொழி தெரிந்த ஆளைத் தேடிக் கூட்டிவருவோம். அவருடைய வீட்டைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. அவர் வாயிலிருந்து வரும் சொல்லை வைத்து அவரை வீட்டில் சேர்க்கவும் முடியும், டெல்லியில் செய்ததுபோல எல்லைக்கு வெளியே தள்ளவும் முடியும். நாம் எதைச் செய்யப்போகிறோம் என்பதே கேள்வி.

மொழி ஒன்றானால் நாடும் ஒன்று என்று நம்மில் சிலர் சொல்வது காதில் விழுகிறது. அவர்கள் மண்டபம் அகதி முகாமுக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். இலங்கை மலையகத்தில் தேயிலை பயிரிட்ட தமிழர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். அந்நாட்டின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள், டிரங்குப் பெட்டியும் மூட்டையுமாக மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்டு நீலகிரிக்கும் நூற்பாலை ஊர்களுக்கும் போனார்கள். இலங்கையில் அவர்களை இந்தியக்காரர்கள் என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரர்கள் என்றார்கள். இரண்டு இடத்திலும் அவர்கள் பேசியது ஒரே தமிழ்தான். அந்தத் தமிழ் அங்கேயும் அவர்களைக் காக்கவில்லை, இங்கேயும் உடனே உறவாக்கிவிடவில்லை.

1983க்குப் பிறகு அதே முகாமுக்கு இலங்கைப் போரில் தப்பியவர்கள் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நம் பள்ளிகளில் படித்தார்கள், நம் பிள்ளைகளோடு பெஞ்சைப் பகிர்ந்துகொண்டார்கள். இப்போது பேரப்பிள்ளைகளும் படிக்கிறார்கள். அகதி முகாம் என்ற பெயரை 2021இல் தமிழக அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்ல காரியம். ஆனால் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை கிடையாது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள்மீது பாஸ்போர்ட் இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை வராது என்று 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஆணையிட்டது. அது ஆறுதல்தான், குடியுரிமை ஆகாது. 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகர் என்கிறது சட்டம். அப்படி மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை போய்த்தான் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்க முடிந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதல்முறையாக வாக்களித்தார்.

முகாம் மக்களுக்குக் குடியுரிமை கொடுங்கள் என்று நாங்களும் கேட்கிறோம். தமிழ் பேசுகிறார்கள் என்பதற்காக அதைக் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக இந்த மண்ணில் உழைத்து, இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே முதியவர்களை அடக்கம் செய்தவர்கள் என்பதற்காகக் கேட்கிறோம். அவர்கள் சிங்களம் பேசியிருந்தாலும் இதையே கேட்போம். இதில் உறுதியாக நின்றால்தான், எங்களை மொழியால் அளக்காதீர்கள் என்று டெல்லியைப் பார்த்துச் சொல்லும் உரிமை நமக்கு இருக்கும்.

ஒரே மொழியை நாட்டின் அடையாளமாக்கப் போய், அக்கம்பக்கத்து நாடுகள் பட்ட பாட்டைக் கண்முன் பார்த்தவர்கள் நாம். 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி ஆனது. தமிழும் ஆட்சிமொழி என்று எழுதிக்கொள்ள 1987 ஆகிவிட்டது. அதற்குள் எத்தனை பிணம் விழுந்தது! உருது மட்டும் என்ற பாகிஸ்தான் 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்களைச் சுட்டது. 1971இல் அந்த நாடு இரண்டாகப் பிரிந்தது. 1965இல் தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவில் இறங்கியதும், இந்தி தெரியாமலே நாங்கள் முழு இந்தியர்கள் என்று சொல்வதற்குத்தான்.

அதே நியாயத்தை ராமேஸ்வரம் ஓட்டலில் இலை எடுக்கும் ஒடியாப் பையனுக்கும், கட்டட வேலைக்கு வந்த பீகாரிக்கும் நாம் கொடுத்தாக வேண்டும். அவர்களை ‘வடக்கன்’ என்று கூப்பிடுவதை விடுங்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது எத்தனை பேர் பயந்து ரயில் ஏறினார்கள் என்பதை யோசியுங்கள். அவர்கள் தமிழ் கற்றுக்கொள்ளட்டும். நாமும் கற்றுக்கொடுப்போம், அவர்கள் பிள்ளைகளைப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுவோம். தமிழ் தெரிந்தால் கூலியில் ஏமாறமாட்டார்கள், ஆஸ்பத்திரியில் நோயைச் சொல்லத் தெரியும். ஆனால் தெரியாத நாளிலும் அவர்கள் நம்மைப்போலவே குடிமக்கள்தான்.

வங்கி, ரயில் நிலையம், தபால் நிலையம், காவல் நிலையம் ஆகியவற்றில் பணிபுரிவோருக்கும் ஒரு விண்ணப்பம். எதிரில் நிற்பவர் பேசுவது புரியவில்லை என்றால், புரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை இருக்கிறதா என்று விசாரியுங்கள். பேச்சைக் கேட்டு ஆளை நிறுத்தி வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் தமிழில் படிவம் கேட்பவரை அலையவிடாதீர்கள்.

2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் வருவார்கள். குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழியே தாய்மொழி என்பது கணக்கெடுப்புத் துறையின் விளக்கம். 2011இல் சௌராஷ்டிரம் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 2 லட்சத்து 47 ஆயிரம் பேர். இந்தியின் எண்ணிக்கையிலோ, தாய்மொழி போஜ்புரி என்று சொன்ன 5 கோடிப் பேர் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட பேச்சுகள் சேர்க்கப்பட்டிருந்தன. ஆகவே உங்கள் வீட்டுப் பேச்சு தமிழோ, சௌராஷ்டிரமோ, தெலுங்கோ, உருதோ, எதுவானாலும் அதை அப்படியே சொல்லுங்கள். யாருக்காகவும் மாற்றிச் சொல்லாதீர்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, சரிபார்த்த பிறகு அவர்களை அனுப்புங்கள். உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் வெளிமாநிலத்தவரும் விடுபடாமல் அவர் மொழியோடு பதிவாக உதவுங்கள். இந்த வேண்டுகோளை ஜமாத்திலும், தேவாலயத்திலும், கோயில் கூட்டத்திலும், மீனவர் சங்கத்திலும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏர்வாடி வட்டாரப் பொதுமக்கள்