பெண்ணுக்கு இலவசப் பை போதுமா?

எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தப்பு என் மேல்தான். திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள் சகோதரிகளே.

என் மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்தபோது, 2011-ல் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கிய திட்டத்தில் அவனுக்கு லேப்டாப் கிடைத்தது. மகள் பிளஸ் டூ வரும்போது அந்தத் திட்டம் நின்று போயிருந்தது. கோவையில் கல்லூரியில் சேர்ந்ததும் லேப்டாப் கட்டாயம் வேண்டும் என்றார்கள். இரண்டு வருஷம் சேர்த்த பால் காசும் ஒரு சீட்டுப் பணமும் சேர்த்து 42,000 ரூபாய்க்கு வாங்கினோம்.

பைக்கு மட்டும் மனசு வரவில்லை. மகன் வேலைக்குச் சேர்ந்தபோது 2,800 ரூபாய்க்குப் பை வாங்கியவள்தான் நான். மகள் கேட்டபோது, “உனக்கு எதுக்கு கண்ணு அத்தனை விலையில? ஜவுளி எடுத்தப்ப குடுத்த பை புதுசா அப்படியே இருக்குதே” என்று பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவளும் மறுபேச்சுப் பேசவில்லை.

பொள்ளாச்சியில் இருந்து உக்கடம் போகும் காலை பஸ்ஸை நான் சொல்ல வேண்டியதில்லை. கிணத்துக்கடவு தாண்டினால் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு நாள் உக்கடத்தில் இறங்கும்போது தோள்வார் அடியோடு பிய்ந்து, பை படிக்கட்டில் விழுந்திருக்கிறது. திரை முழுக்க விரிசல். அங்கிருந்தே போன் செய்தாள். முதல் வார்த்தையே, “அம்மா, திட்டாதே” என்பதுதான். லேப்டாப் போனதைவிட அந்த வார்த்தைதான் இன்னும் எனக்குள் உறுத்துகிறது.

திரை மாற்ற 8,500 ரூபாய் ஆனது. நல்ல பையாக மூன்று வாங்கியிருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவைக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கினோம். என் வீட்டுக்காரரும் மகனும் பெயரைப் பார்த்தே எடுத்துவிடலாம் என்றார்கள். “நீங்க செத்த இருங்க” என்று சொல்லிவிட்டு, சேலை பார்ப்பது போலப் பையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தேன். நமக்குத் தெரியாத தையலா?

தோள்வார் பையோடு சேரும் இடத்தை முதலில் பாருங்கள். ஒரே ஒரு கோடு தைத்திருந்தால் அது எங்கள் பழைய பைதான். சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டாற்போலத் தையல் ஓடியிருக்க வேண்டும். வாரைப் பிடித்து இழுத்தால் தையல் வாய் பிளக்கக் கூடாது. அடுத்தது ஜிப். பத்துத் தடவை இழுத்து மூடிப் பார்த்தேன், முக்கியமாக மூலை திரும்பும் இடத்தில். கடைக்காரருக்கு முகம் சுளித்தது. காசு நம்முடையது, நான் கவலைப்படவில்லை.

துணியைப் பற்றிக் கேட்டால் “600 டெனியர்”, “1,000 டெனியர்” என்று சொல்கிறார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். நம் ஊர் மில்லில் கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும். டெனியர் அதற்கு நேர் தலைகீழ், எண் ஏற ஏற நூல் தடிக்கும். தினமும் பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு 600-க்குக் கீழே வேண்டாம் என்பது என் எண்ணம். பளபளவென்று இருக்கும் மட்ட ரெக்சின் பக்கமே போகவில்லை. இரண்டு வருஷத்தில் தோல் தோலாக உரிந்து சுடிதாரெல்லாம் ஒட்டும்.

யாரும் சொல்லாத ஒன்று உண்டு. லேப்டாப் வைக்கும் அறை, பையின் அடிவரை இறங்கக் கூடாது. ஓர் அங்குலமாவது மேலே தொட்டில் போலத் தொங்கி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பையைத் தரையில் ‘தொப்’பென்று வைக்கும் ஒவ்வொரு தடவையும் அடி நேராக லேப்டாப்புக்குத்தான். கையை உள்ளே விட்டால் தெரிந்துவிடும். நான் பார்த்த பைகளில் பாதிக்கு இது இல்லை.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் சாரல் நமக்கு நாள் கணக்கில் விடாது. ‘வாட்டர் புரூஃப்’ என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். துணி தாங்கினாலும் ஜிப் வழியாகவும் தையல் ஓட்டை வழியாகவும் தண்ணீர் இறங்கும். மேலே போடும் மழை உறையோடு வருகிற பையாகப் பார்த்து வாங்கினோம், 2,200 ரூபாய்.

பையின் எடையையும் தூக்கிப் பாருங்கள். மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பை கொள்கை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்கிறது. என் மகள் 45 கிலோ. லேப்டாப் 2 கிலோ, சார்ஜர், டிபன், ஒரு லிட்டர் தண்ணீர், நோட்டுகள் எல்லாம் சேர்ந்தால் அதிலேயே நாலரை கிலோ நெருங்கிவிடுகிறது. காலிப் பையே ஒன்றரைக் கிலோ இருந்தால் அந்தத் தோள் என்ன ஆகும்?

உள்ளே போடும் உறைக்குக் கடையில் 900 ரூபாய் சொன்னார்கள். நியோப்ரீன் என்று, முக்குளிப்பவர்கள் உடை தைக்கும் ரப்பர் பஞ்சாம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் ஒரு விரல் மற்றொன்றுக்குத் தட்டுப்பட்டது. இதற்கா 900? திரும்பி வந்து எங்கள் தெரு டெய்லரிடம் மகனின் பழைய ஜீன்ஸ், சோபாக் கடையில் வாங்கிய அரை அங்குல ஃபோம், உள்ளே ஃபிளானல் வைத்துத் தைத்து வாங்கினேன். எல்லாம் சேர்த்து 280 ரூபாய். ஜிப்பின் பல் கீறாமல் இருக்க உள்பக்கம் ஒரு பட்டி வைக்கச் சொன்னேன். 15.6 இஞ்ச் என்பது திரையின் குறுக்களவு, லேப்டாப்பின் அகலம் அல்ல. டேப் வைத்து நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளந்து கொடுங்கள். லொடலொடவென்று இருந்தால் உறை இருந்தும் பிரயோஜனமில்லை. இன்னொன்று, லேப்டாப்பை முழுக்க அணைத்த பிறகுதான் உறைக்குள் வைக்க வேண்டும். வெறுமனே மூடி வைத்தால் சில சமயம் உள்ளே ஓடிக்கொண்டே இருந்து, காற்றில்லாமல் சூடாகிவிடும்.

2025 பட்ஜெட்டில் தமிழக அரசு, இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் தருவதாக அறிவித்தது. அதில் எத்தனை பெண் பிள்ளைகள் கிடைத்த பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்களோ! பையனுக்கு என்றால் கேட்காமலே வாங்குகிறோம். பெண் கேட்டால் “எதுக்கு?” என்கிறோம். அவளும் அந்த லேப்டாப்பில்தானே தன் சாப்பாட்டைச் சம்பாதிக்கப் போகிறாள்?

என் நாத்தனார் தன் பெண்ணுக்குப் பை வாங்க வருகிற வாரம் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார். “ஏதோ ஐந்நூறு ரூபாய்ல பார்த்துக்கலாம் அண்ணி” என்றார். நேரில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, பொள்ளாச்சி.