அளவு நாடா ஆடைக்கா, ஆளுக்கா?

பொங்கல் விடுமுறை! பவர் டேபிள்களின் இரைச்சல் ஓய்ந்த திருப்பூரிலிருந்து இரவோடு இரவாகப் பேருந்துகள் புறப்படுகின்றன. ஆண்டு முழுதும் ஒன்றரை ஷிப்டு உழைத்துக் களைத்த பனியன் தொழிலாளத் தோழர்கள், கதிரவன் எழும் காட்சியைக் காணக் குமரிமுனைக்கு விரைகின்றனர். அலைகள் கைகொட்டி அழைக்கின்றன. சிறுவர் பாய்கின்றனர், இளைஞர் சிலர் தொடர்கின்றனர். ஆனால் கரையிலே, செருப்புக்கும் பைக்கும் காவலாக ஒரு கூட்டம் நின்றுவிடுகிறதே, அதைக் காணீர்!

செக்கிங் மேசையருகே நாளெல்லாம் நின்று கால் வீங்கிய தாய் ஒருத்தி. “நான் வரவில்லை கண்ணு, இந்த உடம்பை வைத்துக்கொண்டு இத்தனை பேர் முன்னே எப்படி இறங்குவது?” என்கிறாள். மெலிந்த நங்கை ஒருத்தி துப்பட்டாவை இழுத்து இழுத்துப் போர்த்துகிறாள். கறுத்த மேனியாள் நிழல் தேடுகிறாள். சற்றே வயிறு பருத்த இளைஞன், நண்பர் நகைப்பரோ என அஞ்சிச் சட்டையோடு நிற்கிறான். நாமும் நின்றிருக்கிறோம். நம்மில் எத்தனை பேர் நிற்கவில்லை?

என்ன குற்றம் செய்தோம்? திருடினோமா? பிறர் குடியைக் கெடுத்தோமா? உடல் ஒன்று உடையோம், அவ்வளவே!

நம் தொழிலையே எடுத்துக்கொள்வோம். கம்பெனியிலே அளவு நாடாவோடு நிற்கிறார் செக்கிங் செய்பவர். குறித்த அளவுக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ, துணியிலே ஓட்டை விழுந்தாலோ, அந்தப் பீஸைத் தள்ளிவிடுவார். அது ‘செகண்ட்ஸ்’ ஆகிக் காதர்பேட்டைக்குப் போகும். முறைதான், பனியன் மனிதன் செய்த பொருள். ஆனால் ஆர்டர் தாளைப் பாருங்கள்! சிறிது, நடுத்தரம், பெரிது, அதனினும் பெரிது எனப் பல அளவு கேட்கிறான் அயல்நாட்டான். ஏன்? உலகில் உடல்கள் பலவகை என்பதை அவன் வணிகம் அறிந்திருக்கிறது. உடலுக்கேற்ப ஆடையை வெட்டுகிறார் கட்டிங் மாஸ்டர். ஆடைக்கேற்ப ஆளை வெட்டுவதில்லை! உலகத்தார் அனைவரின் உடலுக்கும் அளவறிந்து தைத்துத் தரும் ஊரார், தம் உடலை மட்டும் ‘செகண்ட்ஸ்’ என்று ஒதுக்கிக்கொள்வது என்ன கொடுமை!

“நாணம் தமிழ்ப் பண்பாடு ஐயா!” என்று உடனே கிளம்புவர் பழைமை விரும்பிகள். நல்லது. எந்தக் குமரியிலே நாம் நாணி நிற்கிறோமோ, அந்த மண்ணின் வரலாற்றையே கேட்போம். அன்று அது திருவிதாங்கூர் அரசின் பகுதி. அங்கே நாடார் குலப் பெண்கள், உயர்சாதியார் எனப்பட்டோரைப்போல் மார்பின்மேல் தோள்சீலை அணியலாகாது என்றது சட்டம். 1829-இல் அரசாணையே பிறந்தது. மீறியோரின் மேலாடை பொதுவிடங்களில் கிழித்தெறியப்பட்டது. போராடினர், இரத்தம் சிந்தினர். 1859 சூலை 26-இல் மன்னர் இறங்கிவந்தார். மார்பை மூடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் மூடலாகாது என்றார்! இறங்கியபோதும் சாதியைக் கைவிடாத இரக்கம்!

எங்கே போயிற்று அப்போது நாணம்? எங்கே ஒளிந்தது பண்பாடு? நேற்று “மூடாதே” என்று அதட்டியதும், இன்று “மூடிக்கொள்” என்று முணுமுணுப்பதும் ஒரே குரல்தான். உன் உடல் உனக்குரியதன்று என்பதே அக்குரலின் பொருள்.

இதோ, அதே குமரியில் பகவதியம்மன் கோயில். ஆடவர் மேலாடை களைந்தே உள்ளே செல்ல வேண்டும். பருத்த வயிறும் ஒட்டிய விலாவும் வரிசையில் நிற்கின்றன. எவரும் நகைப்பதில்லை, அது பக்தியாம்! சில அடி தள்ளி, அலையில் நனைந்த பெண்ணின் சேலை உடலோடு ஒட்டினால், அது வெட்கக்கேடாம்! என்னே நீதி!

மேலைநாட்டார் மட்டும் தெளிந்தவரோ? 1922-இல் வாசிங்டன் நீராடுதுறையிலே, பெண்களின் முழங்காலுக்கும் குளியலுடைக்கும் இடைவெளி எத்தனை அங்குலம் என்று அளவு நாடா பிடித்தான் காவலன். 2016-இல் பிரான்சின் நீசு கடற்கரையிலே, உடல் முழுதும் மூடிவந்த பெண்ணைக் காவலர் சூழ்ந்துநிற்க, அவள் மேலாடையைக் களைய நேர்ந்தது. அத்தகைய தடையொன்றை அந்நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றமே அவ்வாண்டு நிறுத்திவைத்தது. அங்கே கூட்டு என்றான். இங்கே குறை என்றான். நாடா மாறவில்லை!

அந்த நாடாவை இன்று வணிகனும் பிடித்திருக்கிறான். கறுப்பு குறை என்று 1975 முதல் களிம்பு விற்ற ‘ஃபேர் அண்டு லவ்லி’, 2020-இல் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்னும் சொல்லை விட்டது. பெயர் மாறிற்று; நம் கண்ணாடி முன் நிற்கும் கவலை மாறிற்றா?

1932-இல் செருமனி சென்ற பெரியார், ஆடையின்றிக் கூடிவாழ்வோர் சங்கத்தையும் சென்று கண்டார். அவர்களோடு படமும் எடுத்துக்கொண்டார். அனைவரும் ஆடை களைக என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உடலைக் கண்டு பதறாத பகுத்தறிவுக்காகவே சொல்கிறோம். மூட விரும்புவோர் மூடட்டும். நீந்த விரும்புவோர் நீந்துதற்கேற்ற உடை அணியட்டும். முடிவு அவரவருடையதாகட்டும், அச்சத்தினுடையதாக வேண்டாம்!

பகுத்தறிவு இளைஞர்களே! மேடை முழக்கம் போதாது, கம்பெனிக்குள் தொடங்குங்கள். ‘குண்டு’, ‘குச்சி’, ‘கறுப்பி’ என்று பெயர் வைத்து அழைக்கும் இழிவை முதலில் உங்கள் நாவிலிருந்து அகற்றுங்கள். கடலில் நிற்கும் பெண்ணைக் களவாகப் படம் எடுக்கும் கைபேசியைத் தட்டிக் கேளுங்கள். ஆறு கசச் சேலை அலையிலே காலைச் சுற்றும். உயிருக்கே உலை வைக்கும். நம் கைகள் தைத்த பனியனும் அரைக்கால் சட்டையும் நமக்கே உதவட்டும். கடற்கரைதோறும் உடை மாற்றத் தூய அறை கேளுங்கள். சங்கங்கள் பெண்டிர்க்கும் நீச்சல் கற்பிக்கட்டும்.

அந்தத் தாயின் வீங்கிய கால் அழகற்றதன்று. எவரோ அணியும் ஆயிரமாயிரம் ஆடைகளின் உழைப்புக் கணக்கு அதில் எழுதப்பட்டிருக்கிறது. அவள் நாணவேண்டியதில்லை, நகைப்பவர் நாணட்டும்!

அடுத்த பொங்கலுக்கும் பேருந்து புறப்படும். செருப்புக்குக் காவல் நிற்க அன்று ஒருவரும் இருக்கலாகாது. அளவு நாடா கம்பெனியிலேயே கிடக்கட்டும். அம்மா, வா! கடலுக்கு அளவில்லை, உனக்கும் அதில் இடமுண்டு!